வாராக்கடனுக்கு ஜாமீன் போட்டது யார்?

அம்மாவின் இரண்டரை சவரன் சங்கிலி நான்காவது முறையாக அடகில் இருக்கிறது. முதல் முறை என் கல்லூரிக் கட்டணத்துக்கு. இரண்டாவது முறை அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு. மற்ற இரண்டும், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தவை. போன மாதம் தவணை தாண்டிவிட்டது என்று ஏல நோட்டீஸ் வந்தது. திருவாலங்காட்டிலிருந்து பஸ் பிடித்து அம்மாவும் நானும் வங்கிக்குப் போனோம். நகை மதிப்பீட்டாளர் சங்கிலியைக் கல்லில் உரசிப் பார்த்தார், தராசில் வைத்தார், மில்லிகிராம் வரை எழுதினார். கொக்கியில் இருந்த அழுக்குக்கும் கழிவு போட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வங்கி என்றால் எடை சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

எனக்கு வேறொரு எடை ஞாபகத்துக்கு வந்தது. 2012இல் சென்னையில் சுரானா கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் சிபிஐ சோதனை நடத்தி 400.47 கிலோ தங்கத்தைப் பறிமுதல் செய்தது. தங்கத்தை அந்த நிறுவனத்தின் பெட்டகத்திலேயே வைத்துப் பூட்டி முத்திரையிட்டது. பிறகு நிறுவனம் வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2020 பிப்ரவரியில் வங்கிகளின் பிரதிநிதிகள் முன்னிலையில் பெட்டகத்தைத் திறந்தால் 103.864 கிலோ தங்கத்தைக் காணோம். பறிமுதல் செய்தபோது கட்டிகளை மொத்தமாக நிறுத்தோம், இப்போது தனித்தனியாக நிறுத்ததில் வந்த வித்தியாசம் என்று சிபிஐ தரப்பு நீதிமன்றத்தில் விளக்கம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2020 டிசம்பரில் சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டது. அம்மாவின் கொக்கி அழுக்கைக் கழித்த அதே நாட்டில்தான் இது நடந்தது.

அதே குழுமத்தின் சுரானா இண்டஸ்ட்ரீஸ் உருக்கு ஆலை எங்கள் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்தது. 2022 ஜூலையில் அமலாக்கத்துறை அந்தக் குழுமத்தைச் சேர்ந்த நான்கு பேரைக் கைது செய்தது. ரூ.3,986 கோடி வங்கிக் கடன் மோசடி என்பது குற்றச்சாட்டு. அது உண்மையா பொய்யா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு இருக்கும் கேள்வி அதற்கு முந்தையது. இப்படிப்பட்ட கடன்களுக்கெல்லாம் ஒப்புதல் கொடுத்த அமைப்பை நடத்தியவர்கள் யார்? அவர்களை யாராவது கூண்டில் நிறுத்திக் கேட்டார்களா?

எவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2018 மார்ச் மாதக் கணக்குப்படி இந்திய வணிக வங்கிகளின் மொத்தக் கடனில் 11.2 விழுக்காடு வாராக்கடன். தொகையாகச் சொன்னால் ரூ.10 லட்சம் கோடிக்கு மேல். பொதுத்துறை வங்கிகளில் மட்டும் 14.6 விழுக்காடு. கொடுத்த ஏழு ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. இது வழிப்பறியும் இல்லை, இயற்கைப் பேரிடரும் இல்லை. வங்கி மேலாளர் கையெழுத்து, இயக்குநர் குழுத் தீர்மானம், அமைச்சகக் கோப்பு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் இருந்து நடந்த காரியம்.

எப்படி நடந்தது என்பதை ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் 2018 செப்டம்பரில் நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுதிய குறிப்பில் விவரித்திருக்கிறார். குழுவின் தலைவர் பாஜகவின் முரளி மனோகர் ஜோஷி. மோசமான கடன்களில் பெரும்பகுதி 2006 முதல் 2008 வரையிலான காலத்தில் கொடுக்கப்பட்டவை என்கிறார் ராஜன். பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. மின்சாரம், சாலை, உருக்கு, தொலைபேசி என்று எந்தத் திட்டம் வந்தாலும் லாபம் நிச்சயம் என்று நம்பினார்கள். திட்ட அறிக்கையை வங்கி தானாகச் சரிபார்ப்பதில்லை. கடன் வாங்குபவருக்கு வேண்டியவர்கள் தயாரித்த அறிக்கையை வைத்தே பணம் போனது. முதலாளியின் சொந்தப் பணம் குறைவு, வங்கிப் பணம் மிகுதி. 2008 உலக நெருக்கடிக்குப் பிறகு கணக்குகள் தடுமாறின. சுரங்க ஒதுக்கீட்டு ஊழல்கள் வெளிவந்தன, கோப்புகள் நகரவில்லை. அந்தத் தாமதம் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியிலும் இருந்தது, அதற்குப் பின்வந்த தேசிய ஜனநாயகக் கூட்டணி ஆட்சியிலும் இருந்தது என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். அப்போதே கடன் மோசமாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டால் மேலதிகாரியின் பதவிக்காலத்தில் நட்டம் பதிவாகும். அதனால் பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதிய கடனைக் கொடுத்தார்கள். அம்மா செய்ததும் அதேதான். ஒரு வித்தியாசம், அம்மா திருப்பி வைத்தபோது ஒவ்வொரு முறையும் வட்டி எங்கள் கையிலிருந்து போனது.

2015இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு என்ற பெயரில் வங்கிகளின் கணக்கைத் திறந்து பார்க்க வைத்தபோதுதான் மூடி வைத்தது வெளியே வந்தது. ராஜனின் குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. பெரிய மோசடி வழக்குகளின் பட்டியல் ஒன்றைப் பிரதமர் அலுவலகத்துக்கு அனுப்பியதாகவும், ஓரிருவர் மீதாவது ஒருங்கிணைந்த நடவடிக்கை எடுக்கக் கேட்டதாகவும், அதன் பிறகு என்ன முன்னேற்றம் என்று தனக்குத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மத்திய வங்கியின் தலைவராக இருந்தவர் சொல்வது இது.

பதிலாக நமக்குக் கிடைத்தது மேடைப் பேச்சு. 2018 செப்டம்பரில் பிரதமர் மோடி, காங்கிரஸ் ஆட்சியில் 'போன் பேங்கிங்' நடந்தது, டெல்லியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போனால் கடன் கிடைத்தது என்று பேசினார். சரி, அழைத்தது யார், எந்த எண்ணிலிருந்து, எந்த வங்கித் தலைவருக்கு? ஆட்சி கையில் இருக்கிறது, சிபிஐ கையில் இருக்கிறது. ஒரு அழைப்பைக்கூட நிரூபித்து ஓர் அமைச்சரைத் தண்டிக்கவில்லை. காங்கிரஸ் தரப்போ, கடன் எங்கள் காலத்தில் நல்ல கடன்தான், உங்கள் காலத்தில்தான் கெட்டது என்கிறது. இருவருக்கும் இந்தச் சண்டை வசதியானது. விசாரணை வந்தால் இருவரும் சேர்ந்து மாட்டுவார்கள்.

விஜய் மல்லையாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊடகங்கள் அவரை உல்லாசப் படகோடும் காலண்டரோடும் சேர்த்து ஒரு தனிமனிதக் கேலிக்கூத்தாக மாற்றிவிட்டன. அவர் கர்நாடகத்திலிருந்து இரண்டு முறை மாநிலங்களவைக்குப் போனவர். 2002இல் காங்கிரஸ் கைகொடுத்தது, 2010இல் பாஜக கைகொடுத்தது. இரண்டு முறையும் மதச்சார்பற்ற ஜனதா தளம் கூட இருந்தது. 2012இல் கிங்ஃபிஷர் விமானங்கள் தரையிறங்கின. 2016 மார்ச் 2ஆம் தேதி அவர் நாட்டை விட்டுப் பறந்தபோது 17 வங்கிகளின் கூட்டமைப்புக்கு வட்டியோடு சுமார் ரூ.9,000 கோடி பாக்கி. அன்றும் அவர் நாடாளுமன்ற உறுப்பினர்தான்.

1992 பங்குச் சந்தை ஊழலுக்குக் கூட்டு நாடாளுமன்றக் குழு அமைந்தது. 2001இல் கேத்தன் பாரேக் விவகாரத்துக்கும் அமைந்தது. அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய வாராக்கடனுக்கு ஒன்றும் அமையவில்லை. பொதுத்துறை வங்கியின் தலைவரையும் நிர்வாக இயக்குநரையும் நியமிப்பதில் இறுதி முடிவு பிரதமர் தலைமையிலான அமைச்சரவை நியமனக் குழுவினுடையது. ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் குழுவிலும் ஒன்றிய அரசின் பிரதிநிதி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ரிசர்வ் வங்கியின் பிரதிநிதி ஒருவரும். அரசுக்குத் தெரியாமல் நடந்தது என்று எந்த அரசும் சொல்ல முடியாது. ஆனாலும் வழக்கு வந்தால் கிளை மேலாளர் மாட்டுவார், மிஞ்சினால் வங்கித் தலைவர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 1995-96இல் ரூ.1,336 கோடி நட்டம் காட்டியபோதும் இதுதான் நடந்தது. முன்னாள் தலைவர் வரை சிபிஐ வழக்குகள் போயின, அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்த அமைச்சகத்தின் படி ஏறவில்லை.

இங்கே நம் பக்கத்து ஆட்களையும் சொல்லிவிட வேண்டும். டெல்லியைத் திட்டுவது நமக்குச் சுலபம். அந்த 2006-08 காலத்தில் ஒன்றிய நிதி அமைச்சர் சிவகங்கையின் ப.சிதம்பரம். திமுக 2004 முதல் 2013 மார்ச் வரை அந்த ஆட்சியில் பங்கு வகித்தது. கணக்கிலிருந்து கடன்களை எழுதித் தள்ளும் வேலையின் பெரும்பகுதி நடக்கும் காலத்தில் நிதி அமைச்சர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். இவர்கள் யாரும் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை. துறைக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் என்கிறேன். பொறுப்பு என்ற சொல்லுக்கு, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் கடமை என்றுதான் பொருள். கல்வியுரிமை, மாநில உரிமை என்று பேசும் நம் மேடைகளில் வங்கி ஏன் இவ்வளவு அபூர்வமாகப் பேசப்படுகிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இனி யார் கட்டினார்கள் என்று பார்ப்போம்.

2014-15 முதல் 2022-23 வரை ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் ரூ.14.56 லட்சம் கோடி வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் ரூ.7.41 லட்சம் கோடி பெருந்தொழில், பெருஞ்சேவை நிறுவனங்களுடையது. அடுத்த ஆண்டையும் சேர்த்தால் மொத்தம் ரூ.16.35 லட்சம் கோடி. இது தள்ளுபடி இல்லை, கணக்கு நடைமுறைதான், கடன்காரர் இன்னமும் கட்டியாக வேண்டும் என்று நிதி அமைச்சகம் ஒவ்வொரு முறையும் பாடம் எடுக்கிறது. பாடம் சரிதான், புத்தகப்படி. ஆனால் அதே ஒன்பது ஆண்டுகளில் அப்படி நீக்கிய கடன்களில் திரும்பி வந்தது ரூ.2.04 லட்சம் கோடி. நூறு ரூபாய்க்குப் பதினான்கு ரூபாய். மீதி எண்பத்தாறை என்ன பெயரிட்டு அழைப்பது என்று அமைச்சகமே சொல்லட்டும்.

ஓட்டை விழுந்த வங்கிகளுக்கு 2016-17 முதல் 2020-21 வரை ஒன்றிய அரசு ரூ.3.10 லட்சம் கோடி மூலதனம் ஊற்றியது. பெரும்பகுதி கடன் பத்திரங்கள் வழியாக, ஆகவே இது நேரடிச் செலவு இல்லை என்று பொருளாதாரம் படித்தவர்கள் திருத்துவார்கள். நானும் பொருளாதாரம்தான் படிக்கிறேன். பத்திரத்துக்கு ஆண்டுதோறும் வட்டி பட்ஜெட்டிலிருந்து போகிறது. வங்கிகளைக் காப்பாற்றியது தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். நூறு நாள் வேலைக் கூலியும் உதவித்தொகையும் முதியோர் ஓய்வூதியமும் அங்கேதான் வருகின்றன. வங்கி விழுந்தால் முதலில் நசுங்குவது காலனிதான்.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு கணக்கு இருந்தது. பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு 2017-18 முதல் 2019-20 வரை ஒன்றிய அரசு கொடுத்தது ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.1,100 கோடி. இது எதிர்க்கட்சி கண்டுபிடித்த எண் இல்லை. 2020 டிசம்பரில் இனி ஆண்டுக்கு ரூ.6,000 கோடி அளவுக்கு உயர்த்தப்போகிறோம் என்று ஒன்றிய அரசே பெருமையாக வெளியிட்ட அறிவிப்பில் உள்ளது. நாடு முழுக்க உள்ள பட்டியல் சாதி மாணவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் மூவாயிரத்துச் சொச்சம் கோடி. அந்த ஆண்டுகளில் கல்லூரியில் இருந்தவர்களுக்குத் தெரியும், கட்டணம் வரவில்லை என்று ஹால் டிக்கெட்டைப் பிடித்துவைத்த கதைகள். பணமே இல்லை என்றால் புரிந்துகொள்ளலாம். பணம் எங்கே ஊற்றப்பட்டது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

2017இல் ஸ்டேட் வங்கி ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான எட்டு மாதத்தில் குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களிடம் அபராதமாக ரூ.1,771 கோடி வசூலித்தது. அந்த ஆண்டு ஜூலை-செப்டம்பர் காலாண்டில் அது ஈட்டிய நிகர லாபத்தைவிட இது அதிகம். கணக்கில் ஆயிரம் ரூபாய் வைக்க முடியாதவரிடம், வைக்க முடியாததற்காகவே எடுத்த பணம்.

இதைச் சாதியோடு ஏன் முடிச்சுப்போடுகிறாய் என்று என் துறையிலேயே கேட்கிறார்கள். ஏழை, பணக்காரன் என்று சொன்னால் போதாதா என்கிறார்கள். போதாது. 2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவின் முதல் ஆயிரம் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் முன்னேறிய சாதியினர், பெரும்பாலும் பார்ப்பனர்களும் வணிகச் சாதியினரும், என்று காட்டியது. பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்த்து 3.5 விழுக்காடு. பெருங்கடன் இந்த வட்டத்துக்குள்தான் போகிறது. அதே பள்ளி, அதே கிளப், அதே கல்யாண வீடு. திட்ட அறிக்கையைக் கேள்வி கேட்கும் ஆள் அந்த அறையில் இருக்க வாய்ப்பில்லை.

கிளை அளவிலும் ஓர் ஆய்வு உண்டு. ஃபிஸ்மன், பாரவிசினி, விக் என்ற மூவர் இந்தியப் பொதுத்துறை வங்கி ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் எழுதினார்கள். அதிகாரியும் கடன் கேட்பவரும் ஒரே சாதி, மதக் குழுவைச் சேர்ந்தவர்களாக இருந்தால் கடன் கூடுதலாகக் கிடைக்கிறது. திருப்பிச் செலுத்துவதும் மேம்படுகிறது. இரண்டாவது பகுதியை மறைக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அதுதான் முக்கியம். தன் ஆட்களைத் தெரிந்திருப்பதால் நல்ல கடன்காரரை அதிகாரி அடையாளம் காண்கிறார். அப்படியானால் மேலாளர் நாற்காலியில் தன் ஆள் யாருமே இல்லாதவர்களில் எத்தனை நல்ல கடன்காரர்கள் வெளியே நிற்கிறார்கள்? வங்கியில் இட ஒதுக்கீடு என்பது வேலை மட்டும் இல்லை, நமக்குக் கடன் வரும் பாதையும் அதுதான் என்று நான் புரிந்துகொண்டது இந்த ஆய்வைப் படித்த பிறகு.

எங்களிடம் அடமானம் வைக்க நிலம் ஏன் இல்லை என்பதற்கும் வரலாறு உண்டு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கமெல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். (எங்கள் திருத்தணிப் பக்கம் 1960 வரை சித்தூரோடு இருந்தது.) செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைபற்றி அறிக்கை எழுதி, அதையொட்டி 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பது நம் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலமில்லாததால் பயிர்க்கடனும் இல்லை. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ரூ.12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது 'இலவசம் நாட்டைக் கெடுக்கிறது' என்று கத்தினார்கள். அந்த இலவசமும் எங்கள் தெருவுக்குப் பெரிதாக வரவில்லை. திருவாலங்காட்டுக் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டுகிறவர்கள் நாங்கள், கரும்புக்குச் சொந்தக்காரர்கள் வேறு.

2016 ஏப்ரலில் 'ஸ்டாண்ட் அப் இந்தியா' வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவருக்காவது, பெண் ஒருவருக்காவது ரூ.10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் கொடுக்க வேண்டும். நாட்டில் ஒன்றேகால் லட்சம் கிளைகளை மனதில் வைத்துப் போட்ட திட்டம். ஏழு ஆண்டு முடிவில், 2023 மார்ச்சில், பட்டியல் சாதியினருக்கு ஒப்புதலான கணக்குகள் 26,889. தொகை சுமார் ரூ.5,625 கோடி.

அதன் பக்கத்தில் சென்னையின் சிவா இண்டஸ்ட்ரீஸ் அண்ட் ஹோல்டிங்ஸ் வழக்கை வையுங்கள். ஏர்செல் தொடங்கிய சி.சிவசங்கரனின் நிறுவனம். திவால் நடவடிக்கையில் கடன் கொடுத்தவர்களின் கோரிக்கை ரூ.4,863 கோடி. நாடு முழுக்கப் பட்டியல் சாதித் தொழில்முனைவோர் எல்லாருக்குமாக ஏழு ஆண்டில் ஒப்புதலான தொகையை, ஒரே நிறுவனத்தின் பாக்கி கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. அதில் சுமார் 6.5 விழுக்காட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, நடவடிக்கையை முடித்து, நிறுவனத்தைப் பழையபடி விட்டுவிட வங்கிகள் 94.23 விழுக்காடு வாக்குகளோடு ஒப்புக்கொண்டன. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு 2021இல் இதை ஏற்க மறுத்தது. 2022 ஜூன் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வங்கிகளின் வணிக அறிவில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று சொல்லி அனுமதித்தது. சட்டப்படி அது முடிந்த விஷயம். அந்த வணிக அறிவு எங்கள் பக்கம் வரும்போது எங்கே போய்விடுகிறது?

2011இல் எனக்கு ரூ.1.60 லட்சம் கல்விக் கடன் கேட்டு அப்பா ஒரு வங்கிக்கு மூன்று முறை நடந்தார். வீட்டு நத்தம் பட்டாவைக் கொண்டுவா என்றார் மேலாளர். நாலு லட்சம் வரை அடமானமே கேட்கக் கூடாது என்பது விதி. அது அப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான்காவது முறை இயக்கத் தோழர் ஒருவர் கூடவே வந்து அந்த விதியைச் சொன்ன பிறகுதான் கையெழுத்தானது. படிப்பு முடிந்து வேலை கிடைக்காத இரண்டு வருடம், வங்கியிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் செய்வதற்குப் பதிலாக ஊருக்குள் இருக்கும் டீக்கடைக்குப் போன் செய்து என் பேரைக் கேட்டார்கள். அப்பா அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். ஆராய்ச்சி உதவித்தொகை வந்த பிறகு 2021இல் ஒரு ரூபாய் குறையாமல் கட்டி முடித்தேன்.

நான் பிழைத்தவன். 2016 ஜூலையில் மதுரையில் பொறியியல் முடித்த ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டார். ஸ்டேட் வங்கியில் வாங்கிய கல்விக் கடனுக்காக வசூல் ஆட்கள் அவமானப்படுத்தினார்கள் என்று குடும்பத்தினர் குற்றம் சாட்டினார்கள். வங்கி தன் கல்விக் கடன்களில் ஒரு தொகுப்பை ரிலையன்ஸ் அசெட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்துக்கு, நிலுவையில் சுமார் 45 விழுக்காட்டு விலைக்கு விற்றிருந்தது. இதை மறுபடி படித்துப் பாருங்கள். நூறு ரூபாய்க் கடனை நாற்பத்தைந்து ரூபாய்க்குக் கொடுக்க வங்கி தயாராக இருந்தது. அந்த விலையை மாணவனிடம் சொல்லியிருந்தால் பல வீடுகள் வளையலை விற்றாவது கட்டியிருக்கும். மாணவனிடம் சொல்லவில்லை. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி, வேண்டுமென்றே ஏய்ப்பவர்களோடும் மோசடிக் கணக்குகளோடும்கூட வங்கிகள் சமரசம் செய்துகொள்ளலாம் என்று சுற்றறிக்கை விட்டது. வங்கி ஊழியர் சங்கங்களே அதை எதிர்த்தன.

கும்மிடிப்பூண்டியில் என் சித்தப்பா ஒன்பது வருடம் ஓர் உருக்காலையில் ஃபர்னஸ் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். மேலே சொன்ன ஆலை இல்லை, வேறு. ஒரு நாள் கேட் மூடியது. திவால் சட்டத்தின்படி நிறுவனத்தைக் கலைக்கும்போது 24 மாதக் கூலி பாக்கிக்கு வங்கிக் கடனுக்குச் சமமான முன்னுரிமை உண்டு என்று நான் படித்ததைச் சொன்னேன். படிவத்தோடு என்ன ஆதாரம் வைக்க வேண்டும் என்று கேட்டார். அவரிடம் இருந்தது லேமினேட் செய்த கேட் பாஸ் ஒன்று, அதிலும் மேஸ்திரியின் பேர். ஆலை வாங்கிய கடனும் அங்கே பத்திரமாகப் பதிவாகியிருக்கிறது, வங்கி விட்டுக்கொடுத்த தொகையும் பதிவாகியிருக்கிறது. சித்தப்பா அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

பொறுப்பு கேட்பது நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம். 1906 அக்டோபரில் மெட்ராஸில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. சேமிப்பை இழந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த வீழ்ச்சியிலிருந்து பிறந்ததுதான் 1907இல் இந்தியன் வங்கி. ஐஸ்லாந்தில் 2008இல் வங்கிகள் சரிந்த பிறகு, அப்போது பிரதமராக இருந்த கெய்ர் ஹார்டெயையே தனி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 2012இல் ஒரு குற்றச்சாட்டு நிரூபணமானது. தண்டனை எதுவும் இல்லை, ஆனால் முன்னாள் பிரதமர் ஒருவர் நின்று பதில் சொன்னார். அவ்வளவு தூரம்கூட வேண்டாம், இலங்கையைப் பாருங்கள். 2023 நவம்பர் 14ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொருளாதார வீழ்ச்சிக்கு கோத்தபய, மகிந்த, பசில் ராஜபக்சக்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொறுப்பு, மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு இல்லை, சிறை இல்லை. தமிழர்களுக்கு அந்த ஆட்சியாளர்கள் செய்ததற்கு இன்னும் தீர்ப்பில்லை என்பதையும் மறக்கவில்லை. ஆனாலும் பெயர் சொல்லி எழுதிய ஒரு தீர்ப்பு அங்கே இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

ரூபாயைப்பற்றி 1923இல் புத்தகம் எழுதிய அம்பேத்கர் நாணயம் வெளியிடும் அதிகாரத்தை ஆட்சியாளர்களின் விருப்பத்துக்கு விடக் கூடாது, சட்டத்தால் வரம்பு கட்ட வேண்டும் என்று வாதிட்டார். நல்லவர் வந்தால் நல்லது நடக்கும் என்று நம்பிக் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அந்தச் சந்தேகத்தை நாம் வங்கிக் கடன் பக்கம் திருப்ப வேண்டும். கடன் ஏய்ப்பாளர் விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கொடுக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரிசர்வ் வங்கிக்குச் சொன்னது. அதன்படி நூறு கோடிக்கு மேல் நீக்கப்பட்ட ஒவ்வொரு கணக்கும், அதற்கு ஒப்புதல் கொடுத்த இயக்குநர் குழு உறுப்பினர்களின் பெயரோடு, அன்றைய அரசுப் பிரதிநிதியின் பெயரோடு, வெளியாக வேண்டும். 2004 முதல் இன்றுவரையான காலத்துக்குக் கூட்டு நாடாளுமன்றக் குழு வேண்டும். ராஜன் அனுப்பிய பட்டியல் என்ன ஆனது என்பது அதன் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்கு நன்கொடை தரக் கூடாது என்று நிறுவனங்களுக்கு இருந்த வரம்பை 2017இல் நீக்கினார்கள். லாபமே இல்லாத, கடனில் மூழ்கிய நிறுவனமும் கட்சிக்குக் கொடுக்கலாம் என்றானது. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி தேர்தல் பத்திரத் திட்டத்தோடு சேர்த்து உச்ச நீதிமன்றம் இதையும் ரத்து செய்தது. பத்திரம் விற்ற ஸ்டேட் வங்கி, விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்ததும் மறுநாளே கொடுத்துவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கொடுத்தவர்கள் பட்டியலையும் நீக்கப்பட்ட கடன்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும் வேலையை அந்தக் குழு செய்யட்டும்.

இதற்கிடையில் இரண்டு பொதுத்துறை வங்கிகளைத் தனியாருக்கு விற்போம் என்று 2021 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2017இல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 2020 ஏப்ரலில் 12 ஆகிவிட்டன. பொதுத்துறை என்றாலே நட்டம், வாராக்கடனைப் பார்த்தீர்களா என்பது விற்பவர்களின் வாதம். கடனைக் கெடுத்தவர்கள் யாரென்று சொல்லாமலேயே, கெட்டதற்கான தண்டனையை இட ஒதுக்கீட்டின் தலையில் இறக்குகிறார்கள். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் தெருப் பிள்ளைகள் ஏழு பேருக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் சங்கிலிக்கு மறுபடி வட்டி கட்டிவிட்டோம். ஏலம் நின்றது. அந்த வங்கிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருக்கிறேன்: கடந்த பத்து ஆண்டுகளில் நூறு கோடிக்கு மேல் கணக்கிலிருந்து நீக்கிய கடன்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கொடுத்த கூட்டத்தின் தேதி என்ன, அந்தக் கூட்டத்தில் ஒன்றிய அரசின் சார்பில் உட்கார்ந்திருந்தவர் யார். உங்கள் ஊர்க் கிளையில் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு நீங்களும் இதே மூன்று கேள்விகளை அனுப்பலாம். மனுவுக்குப் பத்து ரூபாய் ஆகும்.